பெட்டிக்குள் போன திருநீறு

கன்டெய்னர் கதவுக்கு சீல் போட்டு, சீல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பியும் ஆகிவிட்டது. அப்போதுதான் பேக்கிங் அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மொத பொட்டியில துண்ணூறு பொட்டலம் வச்சிட்டேம்மா."

வடக்குத்து கிராமத்தில் இருக்கும் எங்கள் யூனிட்டில் தைக்கிற சட்டைகள் கப்பலேறிப் போகின்றன. நான் சூப்பர்வைசர். வழியில் யாராவது வெடிமருந்தோ போதைப்பொருளோ செருகிவிடுவார்கள் என்று வாங்குகிறவர்களுக்குப் பயம். அதனால் பேக்கிங் அறைக்குள் கைப்பை கூடாது, சாப்பாட்டுக் கூடை கூடாது, தலைக்கு மேலே கேமரா. துணியைத் தவிர வேறு எதை வைத்தாலும் வைத்தவருக்கு வேலை போகும். துறைமுகத்தில் மாட்டினால் யூனிட்டுக்கே ஆர்டர் நிற்கும்.

இந்த மனுஷி ஜாக்கெட்டுக்குள் மறைத்து எடுத்துவந்திருக்கிறார். காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி! பிரித்துப் பார்க்கிறவனுக்கு அது சாமி சமாச்சாரம் என்று யார் போய்ச் சொல்வது?

"என்னக்கா செஞ்சி வச்சிருக்கீங்க?"

"கடல் தாண்டிப் போவுதே, நல்லபடியா போய்ச் சேரட்டும்னு வேண்டிக்கினு வச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. எங்க வூட்டுக்காரருக்கும் நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேல முடிஞ்சிபோச்சி. என் சம்பளத்துலதான் வூடு ஓடுது."

"கண்டுபிடிச்சா நம்ம எல்லாரு வேலையும் போயிடும்க்கா."

லாரி டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவரை நிறுத்தச் சொல்ல எனக்குப் பயம். அக்காதான் விறுவிறுவென்று முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

முதலாளி மைன்ஸில் பெர்மனன்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். கத்தவில்லை. லாரியை நிறுத்தினார், சட்டை வாங்குகிற கம்பெனிக்கு போன் செய்தார், சீலை வெட்டச் சொன்னார். முதல் பெட்டி கன்டெய்னரின் கடைக்கோடியில் இருந்தது. அத்தனை பெட்டிகளையும் இறக்கினோம்.

பொட்டலம் கிடைத்ததும் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். என்னிடமும் நீட்டினார். நானும் பூசிக்கொண்டேன். பிறகு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"கேமராவுல எல்லாம் இருக்கும்மா. நாளைலேர்ந்து வர வேணாம்."

அக்கா அழவில்லை. கையை நீட்டினார்.

"மீதிய குடுங்க சார். இனிமே எனக்குத்தான் வேணும்."

கேட்டில் வாட்ச்மேன் அதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை வெளியே விட்டார்.