அத்தை ஓடிவந்த படம்

கோட்டையைப் படமெடுக்க வருகிறவர்களைத்தான் செஞ்சியில் நாங்கள் பார்த்திருந்தோம். கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் தெருவைப் படமெடுக்க வந்தவர் அந்த மெட்ராஸ்காரர் ஒருவர்தான். கழுத்தில் இரண்டு காமிராக்கள், காலில் கான்வாஸ் ஷூ. பம்பை, உடுக்கை, கூத்து மத்தளம், பறை என்று சுற்று வட்டாரத்தில் தோலைத் தட்டிச் சத்தம் எழுப்புகிற ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மனிதருக்குக் கொஞ்சம் கழன்றிருக்குமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

எங்கள் நைனாதான் ஊர் மேளத்தை நடத்திவந்தார். படக்காரர் அவரைத் தேடி வந்தபோது, நைனா முதலில் கேட்டது தன் தலைத்துண்டைப் பற்றி.

"சேப்பு சேப்பாவே வுழுமா சார்?"

"எல்லாம் கறுப்பு வெள்ளைதாங்க. சிவப்பு கறுப்பாத்தான் விழும்."

நைனாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் மறுநாள் காலையில் அந்தச் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொள்ளாமல் அவர் வெளியே வரவில்லை.

அப்போது வீட்டில் வேறொரு கவலை இருந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற முடிச்சுகளை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அந்த அக்கா, அதாவது என் அத்தை, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் கல்யாணத்தன்று, தாய்மாமனான நைனா வேறு ஊர்த் திருவிழாவில் மேளம் அடித்துவிட்டு, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறார். "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்டா" என்று அத்தை பந்தியில் வைத்தே சொல்லிவிட்டாள். அதன் பிறகு வெற்றிலை பாக்கோடு ஆள் அனுப்பியும் அவள் அசையவில்லை. தூக்கி வளர்த்த அக்கா அப்படிச் சொன்னதிலிருந்து நைனா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா புலம்புவாள்.

படக்காரர் எங்கள் தெருப் புளியமரத்தடியில் எடுப்பதாகத்தான் இருந்தார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. வெளிச்சம் பத்தாது என்று அவருக்கே வெளிச்சத்தைப் பற்றி எடுத்துச் சொல்லி, எல்லோரையும் ஏரியைப் பார்த்திருந்த பாறைமேல் ஏற்றிவிட்டார். வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினார்கள். படக்காரர் குந்தி உட்கார்ந்து காமிராவைக் கண்ணில் வைத்தார். நைனா குச்சியை எடுத்து அடித்தது சாவு மேளம்.

கூட நின்ற சித்தப்பாவுக்குக் கை ஓடவில்லை. கீழேயிருந்து அம்மா கத்தினாள்.

"கல்யாணம் வச்சிருக்கிற வூட்ல இன்னாத்துக்குயா இந்த அடி?"

"சாரு கேட்டாரு" என்றார் நைனா, கையை நிறுத்தாமல்.

கழனியில் இருந்தவர்கள் யாரு, யாரு என்று ஓடிவந்தார்கள். யாரும் சாகவில்லை, படம் எடுக்கிறார்கள் என்று அம்மா ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினாள். பாறைமேல் மேளம் ஓயவேயில்லை. படக்காரருக்கும் சலிக்கவில்லை, இப்படி ஒரு ஆள் அவருக்கு எங்கே கிடைப்பார்?

வெயில் ஏறிய பிறகு ஏரிக்கரையில் ஒரு பொம்பளை தலைவிரி கோலமாக ஓடிவருவது தெரிந்தது. "நான் தூக்கி வளத்த தம்பீ" என்று மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அத்தை! படக்காரர் சட்டென்று திரும்பி அவளையும் எடுத்தார். அவள் பாறை ஏறி வந்து முதுகில் ஓர் அறை வைக்கும் வரைக்கும் நைனா அடித்துக்கொண்டேதான் இருந்தார்.

"எடுபட்டவனே! உசுரோட இருந்துக்னு இன்னாடா அடி அடிக்கிற?"

"சாவுக்குக்கூட வரமாட்டேன்னியேக்கா?"

"சாவுக்குத்தான வரமாட்டேன்னேன். நீதான் சாவலியே!"

சொல்லிவிட்டு அவள் ஓவென்று அழுதாள். நைனாவும் அழுதார். உயிரோடிருக்கிற தம்பியைப் பார்த்து எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம், நைனாவும்தான். சித்தப்பா கல்யாணத்தில் முடிச்சுப் போட்டது அத்தைதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்துப் படக்காரர் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நைனாவின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அடிக்கிற கை மட்டும் கலங்கிப் புகையாகத் தெரிந்தது. துண்டு கன்னங்கறுப்பு.

"சாவு மேளந்தான் வேணும்னு கேட்டீங்களே சார், இதுல எந்த மேளம்னு எங்க தெரியுது?" என்று அம்மா கேட்டாள்.

"நான் எதையும் கேக்கலையேம்மா. எதை வேணா அடிங்கன்னேன். சத்தம் படத்துல விழாதே" என்றார் அவர்.

அம்மா திரும்புவதற்குள் நைனா பீடி வாங்க எழுந்து போய்விட்டார்.

அத்தையை ஏமாற்றி வரவழைத்த நைனாவின் சாமர்த்தியத்தை நான் வெகுகாலம் மெச்சிக்கொண்டிருந்தேன். அத்தை ஓடிவரும் படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன வாரம் என் மகள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "அவங்க இடுப்புல முந்தானையில என்னம்மா மூட்டை?" என்றாள்.

அவித்த மல்லாட்டை, வேர்க்கடலை. நைனாவை அறைந்து, அழுது முடித்து, மூக்கைச் சிந்திய கையோடு என்னைக் கூப்பிட்டு அத்தை அதை என் கவுனில் கொட்டினாள். மேளச் சத்தத்தில் தம்பியின் கை எது, அடுத்தவன் கை எது என்று ஏரிக்கு அப்பாலிருந்தே தெரியாதவளா அவள்? மல்லாட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சாவு வீட்டுக்கு ஓடுகிறவள் அடுப்பை மூட்டி, மல்லாட்டை அவித்துக் கட்டிக்கொண்டு வருவாளா என்று எனக்கு அன்று தோன்றவில்லை. நான் தின்பதிலேயே மும்முரமாக இருந்தேன்.