சாக்கெட்டிலிருந்து சொட்டிய தண்ணீர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தாம்பரத்தில் நான் வேலை பார்த்த மெக்கானிக் ஷெட்டில், டாக்ஸி ஓட்டும் செல்வம் அண்ணனின் காரைக் கழுவினேன். பளபளக்கட்டும் என்று இன்ஜின் மேலும் தண்ணீரைப் பீய்ச்சினேன். மறுநாள் காலை கார் புகை கக்கியபடி திரும்பி வந்தது.

"பத்து மணிக்கு சம்சாரத்த டயாலிசிஸுக்கு இட்டுகினு போவணும் தம்பி. வண்டி இழுக்கவே மாட்டேங்குது!"

கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினேன். புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வுக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை. அதன் வயர் சாக்கெட்டைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது. தவறு செய்தால் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போய்விடுவது என் வழக்கம்.

"நான்தான்ணா உள்ள தண்ணி விட்டுட்டேன்."

"திட்டறத சாயங்காலம் வந்து திட்டறேன். மொதல்ல காய வைடா!"

காற்றடித்துக் காய வைத்தேன். ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழித்ததும் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. அவர் பறந்தார்.

அந்தத் திட்டுக்காகச் சாயங்காலம் வரை ஷெட்டிலேயே இருந்தேன். அதற்குமுன் எந்த ஊரிலும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.