ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு வக்காலத்து

எழுபதுகளில் நாங்கள் ஷார்ஜாவில் ரோலா பக்கம் குடியிருந்தோம். அந்த நாட்டில் மருந்துக்குக்கூட ஒரு தண்டவாளம் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இங்கிலாந்து ரயில்கள் வந்து நின்றுவிட்டுப் போயின.

என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டெனோ. அவருடைய மேலதிகாரி வெள்ளைக்கார இன்ஜினியர், லண்டனின் புறநகர்க்காரர். அவர் ஊர் ஸ்டேஷனை மூடப்போவதாக ரயில்வே அறிவித்திருந்தது. ஸ்டேஷன் அவர் வீட்டுத் தெருமுனையிலேயே இருந்தது. லீவில் போகும்போதெல்லாம் வயதான அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்து நிற்பாராம். அடுத்த ஸ்டேஷன்வரை போக அந்த அம்மாவால் முடியாது. மூடக்கூடாது என்று ஊரார் கொடுக்கும் மனுவோடு சேர்க்க, ஸ்டேஷனின் வரலாற்றை எழுதித் தருவதாக இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து அவர் சொல்லச் சொல்ல என் கணவர் டைப் அடிப்பார். சாம்பார் என் பொறுப்பு.

நான் ஸ்டேஷன் மாஸ்டர் மகள். கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். எனக்கு அவருடைய வரலாறு சப்பென்றுதான் இருந்தது. ஒரு விபத்து இல்லை, ஒரு மந்திரி வந்து இறங்கியதில்லை. டிக்கெட் அறையில் குடியேறிய பூனைக்கு ஒன்றரைப் பக்கம், ரோஜாச்செடி வளர்த்த போர்ட்டருக்கு அதைவிட அதிகம். இந்தப் பூனையைப் பார்த்தா ரயில்வேக்காரன் மனம் இளகப் போகிறது என்று அடுக்களையில் கணவரைச் சீண்டுவேன்.

என் கணவருக்கு ஒரு தொழில் பெருமை உண்டு. அதிகாரி பாதி சொன்னால் மீதியைத் தானே முடித்துவிடுவார். அதிகாரியும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். யுத்தத்துக்கு முன் ஸ்டேஷனில் இரண்டு சிற்றுண்டி அறைகள் இருந்தன என்றார் இன்ஜினியர். முதல் வகுப்புக்கு ஒன்று, மூன்றாம் வகுப்புக்கு ஒன்று என்பது அவருக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம். எதற்கு இரண்டு என்பது என் கணவருக்குக் கேட்கத் தேவையில்லாத விஷயம். ஒன்று சைவம், மற்றது அசைவம் என்று அடித்து அனுப்பியும்விட்டார்.

சில வாரங்களில் இன்ஜினியரின் தங்கையிடமிருந்து சேதி வந்தது. ஊர்க் கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரு கிழவர் மட்டும் எழுந்து, அந்தச் சைவ அறையில் தானே சாப்பிட்டிருப்பதாகவும், முட்டைக்கோஸ் நன்றாக இருக்கும் என்றும் சாட்சி சொன்னாராம். என் கணவருக்குப் பாதி உயிர் போய்விட்டது, கம்பெனியில் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தார். இன்ஜினியரோ வாய்விட்டுச் சிரித்து, ரசத்தை இன்னொரு கப் வாங்கிக் குடித்தார்.

ஆனால் மனு எடுபடவில்லை. ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். செய்தி தெரிந்த வெள்ளிக்கிழமையும் அவர் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் சார் கெடுத்துட்டேன்" என்று என் கணவர் எழுந்து நின்றார்.

அதெல்லாம் காரணமே இல்லை, மனுவைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள் என்று அவர் சமாதானம் சொன்னார். பூனையைக் கிண்டல் செய்த எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நல்லா இருக்காங்க. இனிமே நான் டாக்ஸியில போய் இறங்கி, விருந்தாளி மாதிரி எங்க வீட்டு மணியை அடிக்கணும். இதுவரைக்கும் அந்த மணியை நான் அடிச்சதே இல்லை."