காட்டு நெல்லுக்குக் கட்டிய ரோஸ் பைகள்

இரண்டாம் போகமான கும்பப்பூப் பயிர் கதிர்விட்ட நேரத்தில் அப்பாவின் வயலில் காட்டு நெல்லும் தலைகாட்டியது. நட்ட நெல்லைவிட ஒரு சாண் உயரம், ஒவ்வொரு மணியிலும் நீளமான சிவப்பு மீசை. மறைக்க வழியே இல்லை. அதை வயலில் விட்டுவைப்பவரைச் சோம்பேறி என்பார்கள் எங்கள் ஊரில். அடுத்த வயல்காரர் என் தாய்மாமா. போன வருஷம் அவரை அப்பாவே நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருந்தார். அதனால் மாமா கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட அப்பா துடித்தார்.

அம்மா விடவில்லை. அந்தச் சிவப்பரிசிக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

"ஒரு வாரம் நிக்கட்டும். முத்தினதும் நான் அறுத்துக்கிடுகேன்."

"முத்தினா ஒனக்காகக் காத்து நிக்குமா? தொட்டா உதிரும். அடுத்த வருஷம் வயல் பூரா அதுதான் மொளைக்கும்."

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறேன். விஷயத்தை இரண்டாகப் பிரித்து இருவரிடமும் சொன்னேன்: ஒன்று, கதிர் முத்த வேண்டும், இரண்டு, மணி உதிரக் கூடாது. அக்கா கல்யாணத்தில் மிட்டாய் போட்டுக் கொடுத்து மிஞ்சிய ரோஸ் நிற வலைப் பைகள் பீரோவில் கிடந்தன. சுருக்குக் கயிறும் உண்டு. சாயங்காலம் போய்க் காட்டு நெல் கதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பை கட்டினேன்.

காலையில் வயலில் நின்ற அப்பாவைப் பார்த்து மாமா ரோட்டில் பைக்கை நிறுத்தினார். பச்சை வயல் முழுக்க ரோஸ் பைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ள, நெல்லுக்குக் கல்யாணமா? நமக்கு ஒரு சொல்லு இல்லியே."

அப்பா வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் என்னிடம் பேசினார்.

"மூணாவதா ஒண்ணு உண்டும் மக்கா. எனக்க மானம்."

ஒரு வாரம் கழித்துப் பைகளைக் கதிரோடு அறுத்தோம். அம்மா மணிகளைக் காயவைத்து, மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு ஓட்டி உமி நீக்கினாள். மொத்தமும் ஒரு குக்கர் கஞ்சிக்குத்தான் வந்தது. மாமாவும் வந்தார், மிச்சக் கேலியை முடிக்க. துவையலோடு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் பை இருக்கா? நான் பிந்தி நட்டதுல்லா, எனக்க வயல்ல இப்பதான் அது கதிரு தள்ளியிருக்கு."

அம்மா எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். பைகள் அத்தனையையும் கட்டாகக் கொண்டுவந்து மாமா கையில் வைத்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"நல்லா இழுத்துக் கெட்டும் மச்சான். ரோட்டுப் பக்கத்துல இருந்து தொடங்கும்."