கல்வெட்டில் போன ஸ்பெயின்காரர்

வெம்பிளியில் பெற்றோல் ஷெட் வேலை முடிந்து நூலகத்தில் ஒதுங்கிய காலத்தில்தான் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானிய நாவலாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். தீவில் பிறந்த மனுசன். சட்டம் படிக்கத் தலைநகருக்கு அனுப்பினால், வகுப்புக்குப் போகாமல் தெருத்தெருவாய்த் திரிந்து சனத்தின் கதை கேட்டிருக்கிறார். அதையெல்லாம் நாவல்களாக எழுதிக் குவித்தார். கண்பார்வை போன பிறகும் வாயால் சொல்லி எழுதுவித்தார். பூங்காவில் தனக்கு வைத்த சிலையின் முகத்தைத் தடவிப் பார்த்து அழுதாராம்.

இரண்டு வருசம் மினக்கெட்டு அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதினேன். என் பெயரை ஒருமுறையாவது அச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இங்கே சிறுபத்திரிகை நடத்திய ஒருவர், நல்லதாக எது எழுதினாலும் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் என் உயிர் நண்பன் நான் எழுதிவைத்த கொப்பியைக் கேட்டான்.

"அப்பாவுக்குக் கண் தெரியாதெல்லே, வாசிச்சுக் காட்டிப்போட்டுத் தாறன் மச்சான்."

கொடுத்தேன். அடுத்த மாதம் அவனுடைய அப்பா காலமானார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கல்வெட்டுத் தந்தார்கள். இறந்தவரின் வாழ்க்கையை அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். திறந்தால், ஐயோ, எல்லாம் என் வசனம்! நண்பனின் அப்பாவும் தீவில் பிறந்தவர்தான், கொழும்பில் சட்டம் படிக்கப் போய் முடிக்காமல் விட்டவர்தான். அதற்காக? நாவல்களை வெட்டிவிட்டு, சிலையைப் படமாக மாற்றியிருந்தான். கண்ணாடி போட்ட படத்தில் எந்த மூக்கைத் தடவுவது, மடையன்!

குசினி அடுப்புப் பக்கம் அவனை இழுத்துப் போனேன்.

"களவெடுத்திட்டியேடா!"

"எனக்கு எழுத வராதெண்டு உனக்குத் தெரியும். போ, அம்மாவிட்டச் சொல்லு. அது ஆரோ ஸ்பெயின்காரன்ர வாழ்க்கை எண்டு சொல்லு."

அவனுடைய அம்மா கல்வெட்டை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். "இவர் இப்பிடியெல்லாம் திரிஞ்சவரெண்டு எனக்கே தெரியாது தம்பி," என்று என் கையைப் பிடித்து அழுதார். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு வந்தேன். கூட இருந்தே குழி பறித்தானே என்ற ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

கொப்பியைத் திருப்பி வாங்கி, நல்ல தாளில் எழுதி அந்தச் சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் ரெலிபோன் எடுத்தார்.

"நானும் அந்தச் சாப்பாட்டுக்கு வந்தனான் தம்பி. செத்த மனுசன்ர கல்வெட்டைப் பார்த்து எழுதிப்போட்டு, ஸ்பெயின்காரன் எண்டால் தெரியாதெண்டு நினைச்சீரோ?"

உண்மையைச் சொன்னால் அது அந்த அம்மாவின் காதுக்குப் போகும்.

"ஓம் அண்ணை, பிழைதான்," என்றேன்.