‘பென்ஹாலோ’வின் முன்னாள் மாலுமி

“திரு. சூசைதாசன்: ‘பென்ஹாலோ’ என்ற துணைக்காவல் கப்பலின் முன்னாள் மாலுமி, அத்திலாந்திக்கில் நீர்மூழ்கிகளை வேட்டையாடியவர்களுள் ஒருவர்.” அந்தக் கப்பலின் பழைய மாலுமிகள் சங்கம் நடத்தும் இணையப் பக்கத்தில், ஒரு படத்துக்கு அடியில் இப்படித்தான் போட்டிருந்தது. படத்தில் தேவாலய வாசலில் நாலைந்து வெள்ளைக்காரக் கிழவர்கள். ஓரத்தில் கடற்படைத் தொப்பியோடு, மழைக்குக் கண்ணைச் சுருக்கியபடி சூசைதாசன்.

கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றது 1956இல். சூசைதாசன் குருநகரில் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்ததும் வாந்தி எடுக்கிறவர் என்று ஊரில் பெயர். அதனாலேயே கடலை விட்டுவிட்டுப் பாரிசுக்கு விமானம் ஏறினார். அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்து, மகள் துஷ்யா இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு ரயிலில் வந்து, இல்ஃபோர்ட்டில் ஒரு சின்னக் கடை போட்டார். கடலுக்கு மேலாலும் கீழாலும் போனாரே தவிர, கடலில் அவர் போனதே இல்லை.

படத்தைக் கண்டுபிடித்தவன் அனுசன். துஷ்யாவும் அவனும் பல்கலைக்கழகத்திலேயே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். வருங்கால மாமனாரின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தவன் சிரித்தான். அவனுடைய தாய் பிலோமினா சிரிக்கவில்லை. சவுத்தாலிலிருந்து இல்ஃபோர்ட்டில் இருக்கிற தமக்கை இம்மாகுலேற்றுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, ஆள் நேவியாம்.”

“எந்த நேவி? இது வெள்ளைக்காரன்ர நேவியெல்லே.”

“நேவி எண்டா நேவிதான். இந்த மாசத்தில எனக்கு உதுகளைப் பிரிச்சுப் பாக்க ஏலாது. நீங்கள் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா நான் பெடியனை மறிச்சுப்போடுவன். அவன் என்னை மீறமாட்டான்.”

அது 2009 சித்திரை. வன்னியில் சனம் கடற்கரை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. லண்டனில் சனம் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றது. அந்த நாட்களில் பக்கத்தில் நிற்பவர் கைபேசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாலே, யாருக்காகப் படம் எடுக்கிறார் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இம்மாகுலேற் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவள். சம்பளம் அதற்குத்தான். ஆனால் இல்ஃபோர்ட்டில் அவளுக்கு இருந்த மதிப்பு கலியாண விசாரணையால் வந்தது. அவள் விசாரித்து ஓம் என்ற கலியாணம் எதுவும் பிசகியதில்லை. வேண்டாம் என்றவை நடக்கவே இல்லை என்பதால் அவற்றைப் பற்றியும் யாரும் குறை சொல்ல முடியாது.

விசாரணைக்கு ஒரு முறை உண்டு. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்க வேண்டும். நேரே கேட்பது மரியாதைக்கேடு. தவிரவும், நேரே கேட்டால் அந்த மனுசன் உண்மையைச் சொல்லிவிடவும் கூடும். பிறகு விசாரிப்பதற்கு என்ன மிஞ்சும்?

எனவே முதலில் மீன்கடைப் புவனேந்திரனிடம் போனாள். விளைமீனை வெட்டச் சொல்லிவிட்டு, அவர் செதில் சுரண்டுகிற நேரம் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணை, உங்கட சூசைதாசன் அண்ணைக்கும் நேவிக்கும் ஏதும் தொடுப்பு இருக்கோ?”

புவனேந்திரனின் கத்தி நின்றது. “எனக்குத் தெரியாது. ஏன் கேக்கிறியள்?”

“சும்மா.”

எங்கள் மொழியில் அந்தச் சொல்லைப்போல ஆளைத் தூங்கவிடாத சொல் வேறில்லை. அந்தச் ‘சும்மா’வைத் தேவாலயத்திலும் சொன்னாள், தையற்கடையிலும் சொன்னாள். எல்லா இடமும் சேர்த்துக் கிடைத்தது ஒரே ஒரு தகவல்: மனுசன் காலையில் பாராளுமன்றத்தடிக்கு வருவார், தன் கடையிலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் கொண்டுவந்து கொடுப்பார், ஆனால் ஞாயிறு பின்னேரம் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. மனைவி செல்வமலரிடம் “ஒரு அலுவல்” என்று சொல்லிவிட்டுப் போகிறாராம். தண்ணீர் கொடுத்ததை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. காணக் கிடைக்காததை எல்லாரும் அழுத்திச் சொன்னார்கள்.

இரண்டு கிழமைக்குள் பிலோமினாவே திரும்ப எடுத்தாள். சவுத்தாலிலும் கதை அடிபடுகிறதாம். சூசைதாசன் இலங்கைக் கடற்படைக்குத் தகவல் கொடுக்கிறாராம். இம்மாகுலேற் அதை முதலாவது சாட்சி என்று மனதில் குறித்துக்கொண்டாள். தையற்கடைக்காரி வேறொரு வழியால் அதையே கேள்விப்பட்டிருந்தாள். அது இரண்டாவது சாட்சி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் அது உண்மை என்பது அவளுடைய கணக்கு. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு, கடைசித் தரமாக மீன்கடைக்குப் போனாள். அங்கே புவனேந்திரன் இல்லை. அவர் மனைவி நின்றாள்.

“அந்தாள் நேவிதானக்கா. உறுதிப்பட்ட கதை.”

“ஆர் சொன்னது?”

“ஒரு கலியாண அலுவலா ஆரோ நல்லா விசாரிக்கிற பொம்பிளையாம். அவ வாய் திறந்து கேட்டாவெண்டா அதில விசயம் இருக்குமெண்டு சனம் சொல்லுது.”

இம்மாகுலேற் வாங்கிய மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். சாட்சிகள் இரண்டுமே அவள் போட்ட கேள்விகள்தான். சவுத்தால் வரை போய், கொஞ்சம் கொழுத்து, திரும்பி வந்திருந்தன.

சூசைதாசனின் கடையில் சனமே இல்லை. வழமையாக வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அன்று பின்னேரமாகியும் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கல்லாவில் நின்ற செல்வமலர் இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். யார் கேட்டுத் திரிந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். சூசைதாசன் மட்டும் “வாருங்கோ தங்கச்சி” என்றார்.

அப்போதுதான் இம்மாகுலேற் தன் வாழ்நாளில் செய்யாத மரியாதைக்கேட்டைச் செய்தாள்.

“அண்ணை, ஞாயிறு பின்னேரத்தில எங்க போறியள்?”

செல்வமலர் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது போலும்.

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே” என்றார் சூசைதாசன். “நாளையிண்டைக்கு ஞாயிறுதானே, வாருங்கோ, கூட்டிக்கொண்டு போறன்.”

ஞாயிறு பின்னேரம் அவர் அவளைக் கூட்டிப்போனது கடைக்கு இரண்டு தெரு தள்ளி, முதியவர்களுக்கான கவுன்சில் குடியிருப்பில் ஓர் அறைக்கு. உள்ளே ‘பென்ஹாலோ’வில் மாலுமியாக இருந்த விட்லொக் என்ற வெள்ளைக்காரர். தொண்ணூறை எட்டிப்பிடிக்கிற வயது, இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. முன்பு சூசைதாசனின் கடைக்குப் பேப்பர் வாங்க வந்தவர். பார்வை போனபிறகு வருவது நின்றுவிட்டது. புதுக் காலடிச் சத்தம் கேட்டதும் கிழவர் கதிரையில் நிமிர்ந்தார்.

“இது யார்? கவுன்சில் ஆளா? என்னைப் பற்றி விசாரிக்க அனுப்பினார்களா?”

இம்மாகுலேற்றுக்கு அது எங்கோ குத்தியது. சூசைதாசன் ‘சம்பந்தி’ என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் தேடிப் பார்த்து, கிடைக்காமல், “ஃபமிலி, மே பி” என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். ‘பென்ஹாலோ’வின் சரித்திரம், அதில் அதிகாரியாக இருந்த ஒருவர் எழுதியது. யாழ்ப்பாணத்து நாக்கும் பிரெஞ்சு மூக்கும் கலந்த இங்கிலீசில் சூசைதாசன் வாசிக்கத் தொடங்கினார். முதல் அத்தியாயம், கப்பலுக்குப் பெயர் கொடுத்த வீரரைப் பற்றியது. கப்டன் பென்ஹாலோ, பழைய பிரெஞ்சு யுத்தமொன்றில், வணிகக் கப்பல்கள் தப்பிப் போகட்டும் என்று எதிரிக்குக் குறுக்கே தன் சின்னக் கப்பலை நிறுத்தியவர். நின்றார், ஒரு காலை இழந்தார். வணிகர்கள் நன்றி மறக்காமல் வெள்ளித் தட்டொன்று கொடுத்தார்கள்.

“காலுக்குத் தட்டு” என்றார் விட்லொக் திருப்தியாக. அந்த இடத்தில் அதைச் சொல்வது அவர் வழக்கம்.

ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய கப்பலின் கதை வந்ததும் கிழவரின் முகம் மாறியது. ஒரு வணிகக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதையும், ‘பென்ஹாலோ’ உயிர் தப்பியவர்களைத் தேடி மீட்டதையும் புத்தகம் அழகாக விவரித்தது.

“பொய்” என்றார். சூசைதாசன் வாசிப்பதை நிறுத்தினார்.

“நாங்கள் நிற்கவில்லை. தண்ணீரில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள், அவர்களின் மிதவைச் சட்டையில். எங்களைக் கண்டு சத்தம் போட்டார்கள். காப்பாற்ற வருகிறோம் என்று நினைத்தார்கள். நீர்மூழ்கியைத் துரத்து என்பது கட்டளை. அவர்களுக்கு நடுவாலே போனோம். நிற்பதற்குப் பெயர் போனவரின் பெயரை முகப்பில் எழுதிக்கொண்டு போனோம்.”

சூசைதாசன் புத்தகத்தை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிழவர் களைத்து முடிந்ததும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். படத்தைப் பற்றி இம்மாகுலேற் கேட்டதற்கும் விடை கிடைத்தது: நினைவுநாள் பூசைக்குக் கிழவரின் சக்கர நாற்காலியைத் தள்ளப் போன சூசைதாசனுக்கு மழைக்காகத் தன் தொப்பியை மாட்டிவிட்டவர் விட்லொக், இது யார் என்று கேட்ட சங்கச் செயலாளரிடம் “என் கப்பல்காரன்” என்று பகிடி விட்டவரும் அவர்தான். செயலாளர் பகிடியை உண்மையென்று நம்பிப் படத்துக்கு அடியில் போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது கேட்டாள். “இதை வீட்டிலயாவது சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“நேவிக்காரனைப் பாக்கப் போறன் எண்டு இந்த மாசம் ஆருக்குச் சொல்லுறது?” கொஞ்சத் தூரம் நடந்தார். “என்ர தங்கச்சி குடும்பம் அங்க கரையில கிடக்குது. கப்பல் வரும், ஏத்தும் எண்டு கடைசியாக் கதைக்கேக்க சொன்னவள். எந்தக் கப்பலும் நிக்கேல்லை. நிக்காமப் போனதை ஒருத்தனாவது வெக்கப்பட்டுச் சொல்லுறான், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். வேற என்னத்தைச் செய்யிறது?”

அடுத்த நாள் இம்மாகுலேற் மீன்கடைக்குப் போய், தான் கேட்டது பிழை, அந்த மனுசனுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னாள். புவனேந்திரன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்டைக்கு இருக்கோ எண்டு கேட்டியள், இண்டைக்கு இல்லையெண்டுறியள். நேவிக்காரர் உங்களையும் பிடிச்சிட்டினமோ?”

பிலோமினா போனை எடுத்ததும் முதலில் கேட்டது, இம்முறை யாரிடம் விசாரித்தது என்று.

“அவரிட்டத்தான்.”

“நேரையோ? உங்களுக்கென்ன விசரே அக்கா?” நேவியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி.

“ஓம் எண்டு சொல்லுறன் பிலோமினா. கலியாணத்தைப் பேசு.”

“சரி, நீங்கள் சொன்னாச் சரி. அந்தாள் அங்க போய் என்னதான் செய்யிறார்?”

இம்மாகுலேற் கண்டதை மட்டும் சொன்னாள். கண் தெரியாத ஒரு கிழவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சூசைதாசன் புத்தகம் வாசித்தார். கிழவர் பேசத் தொடங்கியதும் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.