வாவிக்குள் போன வயல்

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏசி மண்டபம், ரோல்ஸ், பிளேன்டீ. திரையில், வானத்திலிருந்து செய்மதி எடுத்த ஒரு படம். வவுணதீவுப் பக்கம், பற்றைக் காட்டின் நடுவே இளம்பச்சையாக ஒரு துண்டு நிலம். தங்கள் திட்டத்தின் வெற்றி அது என்றார் கொழும்பிலிருந்து வந்தவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டியிருப்பேன்... அது எனக்குத் தெரிந்த தம்பிராசா அண்ணனின் வயல் என்று தெரியாமல் இருந்திருந்தால்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குப் பற்றை வெட்டி, உழுது, விதைநெல்லும் தருவதாகச் சொன்னது இதே நிறுவனம்தான். ஒரே நிபந்தனை - அவர்களுடைய வரைபடத்தில் நிலம் வயலாக இருக்க வேண்டும். வரைபடம் போட்டவன் அங்கே வேலை பார்க்கும் என் மச்சான். செய்மதிப் படமும் இலவசம், மென்பொருளும் இலவசம். திறந்த மூல மென்பொருளாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உலகத்தில் யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று பெருமையாகச் சொல்வான்.

அந்த வரைபடத்தில் அண்ணனின் வயல் நீலமாக இருந்தது. நீலம் என்றால் வாவி!

படம் எடுத்தது மார்கழியில். மாரி வெள்ளம் வயல்வட்டை முழுக்க நின்றால், பாவம், செய்மதி என்ன செய்யும்? சரியென்று கோடைப் படத்தைப் போட்டுப் பார்த்தான். இப்போது கடும்பச்சை - காடு. ஆளில்லாத வயலில் வருடக் கணக்காகப் பற்றை வளர்ந்தால் வேறு என்ன தெரியும்? ஆக, விதைத்தால்தான் வயலென்று தெரியும். வயலென்று தெரிந்தால்தான் விதைக்க உதவி. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"ஆரும் திருத்தலாமெண்டா என்ட வயலத் திருத்திவிடுங்க தம்பி" என்று கேட்டார் அண்ணன். மென்பொருளைத்தான் திருத்தலாம், வரைபடத்தைத் திருத்தக் கொழும்பு அனுமதி வேண்டும் என்றான் மச்சான். மழையோ தொடங்கப் போகிறது. இந்த மாரியும் தவறினால் இன்னொரு வருடம் மகள் வீட்டுச் சோறு. அந்த மனுசனுக்கு அதுதான் பெரிய வலி.

கடலோரக் குருக்கள்மடத்து மகள் வீட்டு வளவில் அவருடைய தோணி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சுனாமி நேரம் அங்கே இருந்த பாவத்துக்கு, வலை வீசத் தெரியாத வயல்காரருக்கும் நிவாரணமாக யாரோ ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் கீழே கோழிகள் அடை கிடந்தன.

"அப்ப தோணி தந்தாங்க. இப்ப அத விடுறதுக்கு என்ட வயல வாவியாக்கித் தந்திருக்காங்க" என்றார் அண்ணன். சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை தோணியை விற்றார். அந்தக் காசில் பற்றை வெட்டி, உழுது, விதைத்தார். செய்மதிக்கு வயல் தெரிந்தது. நிறுவனத்துக்கு வெற்றி தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் நேரே அண்ணனிடம் போய், எல்லோரும் கை தட்டிய கதையைச் சொன்னேன். வயல் வரம்பில் நின்றவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுமெண்டாங்க. மறுகா, நான் தோணி வித்தது மட்டும் எப்படித் தம்பி தெரியாமப் போச்சு?"